சொந்த வேரில் நிற்கும் கொடி

மோர்ஜே, செப்டம்பர்

அன்புள்ள மாப்ளே,

இத்தாலியின் வடமேற்கு மூலையில், ஆவோஸ்தா பள்ளத்தாக்கில் இருக்கிறேன். அண்ணாந்தால் மோன் ப்ளாங் மலைத்தொடரின் பனி. நேற்றுப் பொழுது முழுக்கத் திராட்சைத் தோட்டத்தில் கழிந்தது. ஒவ்வொரு கொடியிலும் உன் ஞாபகம்தான்.

இங்கேயும் பந்தல் உண்டு. ஆனால் கம்பம் ஊரில் உன் பந்தலுக்கு அடியில் நிமிர்ந்து நடப்போமே, அது இங்கே முடியாது. இடுப்பு உயரம்தான், சில இடங்களில் இன்னும் தாழ்வு. கவாத்து, பழம் வெட்டு எல்லாம் குனிந்தும் முட்டி போட்டும்தான். தோட்டக்காரப் பெரியவர் எழுபதைத் தாண்டியவர். எனக்கு முன்னால் உள்ளே நுழைந்து, கொடியை விலக்கி வழிவிட்டார்.

தோட்டங்கள் இருப்பது 900 முதல் 1,200 மீட்டர் உயரத்தில். பகலெல்லாம் வெயில் குடித்த மண்ணும், சுண்ணாம்பில்லாமல் அடுக்கிய கல் சுவரும் ராத்திரியில் சூட்டை மெல்ல விடும். அந்தச் சூடு குலைக்கு எட்ட வேண்டும் என்றுதான் பந்தலைத் தாழப் போட்டிருக்கிறார்கள். வெயில் இறங்கியதும் உள்ளே தவழ்ந்து போய் மண்ணில் கை வைத்துப் பார்த்தேன். முதுகில் ஸ்வெட்டரைத் தாண்டிக் குளிர் குத்துகிறது; உள்ளங்கையின் கீழே, சமையல் முடிந்த அடுப்பு மேடை மாதிரி வெதுவெதுப்பு. கையை எடுக்க மனசு வரவில்லை.

பழத்தின் பெயர் ப்ரியே ப்ளாங். வெள்ளை ரகம், இந்த மண்ணின் பூர்வீகம். தாமதமாகத் துளிர்க்கும், சீக்கிரம் பழுக்கும். வசந்தகாலத்து உறைபனி விலகி அடுத்த குளிர் வருவதற்குள் வேலையை முடித்துக்கொள்ளும்.

உனக்கு முக்கியமாகச் சொல்ல வேண்டியது வேரைப் பற்றி. 1860களிலிருந்து பில்லாக்சரா என்ற வேர்ப்பூச்சி ஐரோப்பாவின் தோட்டங்களைத் தின்று தீர்த்தது. அமெரிக்கக் கொடியின் வேர்ச்செடியில் ஒட்டுக் கட்டித்தான் பிழைத்தார்கள். இன்றும் ஐரோப்பாவில் பெரும்பாலான கொடிகள் அப்படித்தான் நிற்கின்றன. இந்த உயரத்துக் குளிரில் அந்தப் பூச்சியின் ஆட்டம் செல்லவில்லை. அதனால் இங்கே ஒட்டே கிடையாது. ப்ரியே தன் சொந்த வேரில் நிற்கிறது. விவசாயியின் முதுகை ஒடிக்கும் அதே குளிர்தான் கொடியைக் காப்பாற்றியும் இருக்கிறது. பெரியவர் ஒரு தூரின் அடிமண்ணை விரலால் விலக்கிக் காட்டினார். ஒட்டுக் கட்டிய தழும்பு எங்கும் இல்லை. நீ பார்த்திருக்க வேண்டும்!

ஒரு காலத்தில் இந்தப் பழத்தின் ஒயின் அந்தந்த வீட்டுக் குடிக்கு மட்டும்தான். மோர்ஜேயின் பங்குத் தந்தையாக இருந்த அலெக்ஸாந்தர் பூஜா இதை நல்ல ஒயினாகப் பாட்டிலில் அடைத்து வெளியூருக்குத் தெரியவைத்தார். பிறகு கூட்டுறவுச் சங்கமும் வந்தது. ஊர் அவரை மறக்கவில்லை. இன்னும் பிரியமாகப் பேசுகிறார்கள். ‘ப்ளாங் த மோர்ஜே எ த லா சால்’ என்று இரண்டு ஊர்ப் பெயரும் பாட்டிலில் இருக்கிறது.

ராத்திரி பெரியவர் வீட்டில் ஃபோன்டினா பாலாடைக்கட்டியோடு ஒரு குவளை தந்தார். வெளிறிய வைக்கோல் நிறம், பச்சை ஆப்பிளின் புளிப்பு, கடைசியில் மலைப்புல் வாசனை. கனமே இல்லை. ருசி நாக்கில் தங்காமல் ஓடைத் தண்ணீர் மாதிரி ஓடிவிட்டது. அதுதான் எனக்கு மிகவும் பிடித்தது.

திங்கட்கிழமை வெட்டு ஆரம்பிக்கிறது. ஆள் குறைவு, இருந்து கைகொடு என்றார். கத்தரியை வாங்கிக்கொண்டேன்.

உன்
மாப்ளே