இடது கால் 6, வலது கால் 14

"சார், கால் எப்படி இருக்கு?" என்று பலரும் கேட்கிறீர்கள். எல்லோருக்கும் சேர்த்து இங்கேயே எழுதிவிடுகிறேன்.

போன ஆடியில் ஈரப் படியில் வழுக்கி, இடது முட்டி திருகிக்கொண்டது. ஸ்கேனில் ஏ.சி.எல். ஜவ்வு கிழிந்திருந்தது. "உங்கள் வயதுக்கு ஆபரேஷன் இல்லாமலே பார்க்கலாம். ஆனால் பயிற்சியை விடக்கூடாது" என்றார் டாக்டர்.

நான்கு மாதத்தில் வீக்கமும் வலியும் போயின. பாஸாகிவிட்டோம் என்று எனக்கு நானே மார்க் போட்டுக்கொண்டு பயிற்சியை நிறுத்திவிட்டேன்.

தை மாதம், மகள் வீட்டின் மூன்றாவது மாடியிலிருந்து பேத்தியை இடுப்பில் வைத்துக்கொண்டு இறங்கினேன். இரண்டு மாடி ஒன்றும் தெரியவில்லை. கடைசி மாடியில் முட்டி சட்டென்று மடங்கிவிட்டது. நல்லவேளை, கைப்பிடிக் கம்பி சிக்கியது. விளையாட்டென்று நினைத்துக் குழந்தை சிரித்தாள். எனக்கு அன்றிரவு தூக்கமில்லை.

மறுநாள் பிசியோதெரபிஸ்ட் அம்மா நாற்காலியிலிருந்து ஒற்றைக் காலில் எழுந்து உட்காரச் சொன்னார். வலது கால் 14 தடவை. இடது கால் 6 தடவையிலேயே நடுங்கியது. "முதல் இரண்டு தடவை இரண்டு காலும் ஒன்றுபோலத்தானே இருந்தது? பலம் வந்திருக்கிறது சார், தாக்குப்பிடிக்கும் சக்திதான் வரவில்லை" என்றார்.

முட்டிக்குக் கீழேயுள்ள எலும்பு முன்னால் நழுவாமல் பிடிப்பது அந்த ஜவ்வின் வேலை. அது போனால் தொடையின் பின்பக்கத் தசைதான் அந்தப் பாரத்தில் பங்கெடுக்க வேண்டும். படி இறங்கும்போது முட்டி மடங்காமல் தாங்குவது முன்பக்கத் தசை. முட்டி வீங்கியிருக்கும் நாட்களில் நரம்புகள் அந்தத் தசையை முழுதாக வேலை செய்ய விடுவதில்லை, அது மெலிந்துவிடுகிறது. வலி போனதும் தானாகத் திரும்பி வருவதில்லை. களைத்த நேரத்தில்தான் கால் கைவிடுகிறது.

அதற்கு வழி, குறைந்த பாரம், நிறைய தடவை. தினமும் செய்து நோட்டில் குறிக்கிறேன். நேற்று இடது கால் 11.

வாய்ப்பாட்டைப் பத்துத் தடவை எழுதச் சொன்னதற்கு எத்தனை பேர் என்னைத் திட்டினீர்களோ, இப்போது காலால் இம்போசிஷன் எழுதுகிறேன்.

எல்லோருக்கும் ஆபரேஷன் வேண்டாம் என்று சொல்லவில்லை. அதை உங்கள் டாக்டர் சொல்லட்டும். வலி போனதை மட்டும் வைத்துக் கால் சரியாகிவிட்டது என்று முடிவு கட்டாதீர்கள். இரண்டு காலையும் எண்ணிப் பாருங்கள்.

பேத்தியை மாடிப்படியில் இன்னும் தூக்குவதில்லை. 14 வரட்டும்.