காவிரித் தீவில் எழுந்த கீதம்

மைசூரிலிருந்து பெங்களூர்ச் சாலையில் ஏறத்தாழ 15 கிலோமீட்டர் சென்றால், காவிரி இரு கிளைகளாகப் பிரிந்து அணைத்துக்கொள்ளும் தீவொன்று வருகிறது. அதுவே ஸ்ரீரங்கப்பட்டணம். நம் திருச்சிச் சீமை ஸ்ரீரங்கத்தைப் போலவே இங்கும் ஆற்றிடைத் தீவில் அரங்கநாதர் பள்ளிகொண்டுள்ளார். கோயிலுக்கு அணித்தே மசூதியின் இரு மினார்கள் எழுகின்றன. தீவின் கீழ்க்கோடியில் ஹைதர் அலியும் திப்பு சுல்தானும் துயிலும் கும்பஸ் இருக்கிறது.

சென்ற மாதம் கிறிஸ்தவக் கீர்த்தனைக் கச்சேரி ஒன்றை நடத்தி முடித்த களைப்புத் தீர, சில குடும்பத்தாராகச் சேர்ந்து இத் தீவுக்குச் சென்றிருந்தோம். 1799இல் திப்பு வீழ்ந்தபின் இங்கு வந்து பணிபுரிந்த பிரெஞ்சுப் பாதிரியார் ஆபே துபுவாவின் பெயரால் வழங்கும் பழைய தேவாலயம் கஞ்சாமில் உள்ளது. அதனைக் கண்டு வணங்கியபின், அருகிலிருந்த மரநிழலில் கட்டுச்சோற்றை அவிழ்த்தோம். கச்சேரிக் கணக்கும் உடன் அவிழ்ந்தது.

கச்சேரி நடத்துவது எளிதன்று என்பதை நாங்கள் அனுபவத்தில் அறிந்தோம். தெய்வப் பாட்டுக்கு டிக்கெட் விற்பதா என்று பெரியோர் சினந்தனர். டிக்கெட்டை விலக்கிக் காணிக்கைத் தட்டு வைத்தோம். மண்டப வாடகையில் பாதிகூடத் தேறவில்லை. மிருதங்கமும் ஆர்மோனியமும் போதும் என்றனர் மூத்தோர். கிதார் இல்லையேல் வரமாட்டோம் என்றனர் இளைஞர். இரண்டையும் மேடையேற்றினோம், இரு சாராருக்கும் மனக்குறையே. பிள்ளைகளுள் பலருக்குத் தமிழெழுத்துத் தெரியாமையால், கீர்த்தனைகளைக் கன்னட எழுத்தில் எழுதிக் கொடுத்துப் பயிற்றினோம். கைப்பணம் கரைந்ததால், இனி இம் முயற்சி வேண்டா என்றே நண்பர் ஒருவர் கூறினார்.

அப்பொழுது எங்கள் பேச்சு இத் தீவின் பழங்கதைக்குத் திரும்பிற்று. 1779ஆம் ஆண்டில் சென்னை ஆங்கில அரசாங்கத்தின் தூதராக ஹைதர் அலியிடம் வந்தவர், தஞ்சையில் ஊழியம் செய்த ஜெர்மானியப் பாதிரியார் சுவார்ட்ஸ் ஐயர். ஹைதரின் சேவகத்தில் ஐரோப்பியப் போர்வீரர் பலர் இருந்தனர். திருச்சியிலேயே ஐயருக்கு அறிமுகமான தமிழ்க் கிறிஸ்தவரும் சிலர் இருந்தனர். பிழைப்பு நாடி இங்கு வந்த அத் தமிழர், ஒருவகையில் நம் முன்னோடிகளே. அவர்களுக்கென ஐயர் வழிபாடு நடத்தினார். பாட்டும் ஜெபமும் பிரசங்கமும் நிகழ்ந்தன. செய்தி அரண்மனைக்கு எட்டியும் தடை வரவில்லை. வழிச்செலவுக்கு ஹைதர் அளித்த 300 ரூபாயையும் ஐயர் தமக்கென வைத்துக்கொள்ளாமல், அரசாங்கத்தின் இசைவு பெற்றுத் தஞ்சையில் அநாதைப் பிள்ளைகளின் பள்ளிக்கு முதலாக்கினார்.

இத் தீவைத் தழுவிய காவிரியே தஞ்சைத் தரணிக்கும் பாய்கிறது. அங்கே சுவார்ட்ஸ் ஐயரிடம் வளர்ந்தவர் வேதநாயகம் சாஸ்திரியார் (1774–1864). கீர்த்தனை, குறவஞ்சி, காலட்சேபம் எனத் தமிழர் கேட்டுப் பழகிய வடிவங்களிலேயே சுவிசேஷத்தைப் பாடி, ஊரூராகச் சென்றவர் அவர். பிற்காலத்தில் மிஷன் பணியை இழந்த அவரை ஆதரித்தவர், வேற்றுச் சமயத்தவரான மன்னர் சரபோஜி. அடுத்த நூற்றாண்டில் மன்னர்கள் இல்லை. எனினும் ஆபிரகாம் பண்டிதர் என்னும் கிறிஸ்தவ மருத்துவர், 1912 முதல் தஞ்சையில் சங்கீத மாநாடுகளைத் தம் சொந்தப் பொருளைச் செலவிட்டு நடத்தினார்.

இவற்றை எண்ணியபோது எங்களுக்கு ஒன்று விளங்கிற்று. பாட்டுக்கு என்றும் எவரேனும் இடம் கொடுத்தே வந்திருக்கின்றனர். முதலில் அரசர், பின்னர் ஒரு தனிமனிதர். இன்று அப்பொறுப்பு நம் குடும்பங்களுடையது. வேற்றுச் சமயத்தார் உதவியும் முற்றிலும் மறைந்துவிடவில்லை. எங்கள் கச்சேரிக்கு நாற்காலிகளை வாடகையின்றித் தந்தவர், அடுத்த தெருவில் வாழும் கன்னட அன்பர்.

பலன் யாது எனில், ஒன்று கூறுவோம். கன்னட எழுத்தில் கீர்த்தனை பயின்ற சிறுவன் ஒருவன், அதில் வந்த ஒரு சொல்லுக்குப் பொருள் யாதெனத் தாயைக் கேட்டான். தாய்க்கும் தெரியவில்லை. இருவரும் திருநெல்வேலியிலுள்ள பாட்டனாரைத் தொலைபேசியில் அழைத்துக் கேட்டனர். அவர் பொருளும் சொல்லி, பாட்டையும் முழுவதும் பாடிக் காட்டினாராம். அன்று முதல் வாரந்தோறும் அச் சிறுவன் பாட்டனாரை அழைக்கிறான். தமிழெழுத்தும் கற்கத் தொடங்கியிருக்கிறான். கணக்கேட்டில் இவ்வரவை எந்தப் பத்தியில் எழுதுவது?

மாலையில் கும்பஸைக் கண்டு திரும்புகையில், முன்பு வேண்டா என்ற நண்பரே அடுத்த ஆண்டுச் செலவுக்கு முதற் சந்தாவைக் கொடுத்தார். அன்பர்களே, மண்டப வாடகை இன்னும் சேரவேண்டியிருக்கிறது. இயன்றதைத் தாருங்கள், இயலாதோர் பிள்ளைகளை அனுப்புங்கள். அதுவே பெருங்காணிக்கை.