தீட்டு எத்தனை வோல்ட்?

எங்கப்பா சட்டைப் பையில் எப்போதும் ஒரு டெஸ்டர் இருக்கும். பேனா இருக்காது. கல்யாணத்துக்குப் போனாலும் சாவுக்குப் போனாலும் பேனா செருகும் இடத்தில் அதுதான். மேற்குத் தாம்பரத்தில் கடப்பேரிப் பக்கம் பெட்டிக்கடை அளவுக்கு ஒரு ரேடியோ, டிவி ரிப்பேர் கடை வைத்திருந்தார். மூர் மார்க்கெட்டில் ஒரு பாய் கடையில் எடுபிடியாகச் சேர்ந்து தொழில் பழகியவர். 1985இல் மூர் மார்க்கெட் எரிந்தபோது பாய் கடையும் போயிற்று. ஒரு சால்டரிங் அயனையும் ஒரு பழைய மல்டிமீட்டரையும் மஞ்சள் பையில் போட்டுக்கொண்டு அப்பா தாம்பரம் ரயில் ஏறி வந்துவிட்டார். பாய் கொடுத்ததுதான், எடுத்துக்கொண்டு வந்ததில்லை. இதை எழுதாமல் விட்டால் செத்துப்போன எங்க ஆயா கனவில் வந்து கேட்கும்.

டெஸ்டர் எப்படி எரிகிறது என்று தெரிந்துகொண்டால்தான் நான் சொல்லப்போவது விளங்கும். உள்ளே ஒரு சின்ன நியான் விளக்கு, அதோடு ஒரு பெரிய ரெசிஸ்டர், அவ்வளவுதான். முனையை லைனில் வைத்து, தலையில் இருக்கும் உலோகக் குமிழில் விரலை வைக்க வேண்டும். அப்போது கரண்ட் ரெசிஸ்டர் வழியாக, விளக்கு வழியாக, நம் உடம்பு வழியாகத் தரைக்குப் போகும். ரெசிஸ்டர் இருப்பதால் போவது துளியூண்டு, உடம்புக்குத் தெரியாது. ஆனால் உடம்பு இல்லாமல் விளக்கு எரியாது.

நான் ஐந்தாம் வகுப்பு படித்தபோது ஒரு சனிக்கிழமை கிழக்குத் தாம்பரத்தில் ஒரு வீட்டிலிருந்து கூப்பிட்டார்கள். பையைத் தூக்கிக்கொண்டு நானும் போனேன். டிவியைத் திண்ணைக்குக் கொண்டுவந்து வைத்திருந்தார்கள். டயனோரா, கறுப்பு வெள்ளை. அப்பா முதுகைக் கழற்றிப் பார்த்துவிட்டு, "பெட்டியில ஒண்ணுமில்லீங்க, லைன்லதான் கோளாறு. போர்டு எங்க இருக்குது?" என்றார். போர்டு பூஜை அறைக்குள் இருந்தது. அந்த அம்மா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "நீங்க அங்கிருந்தே சொல்லுங்க, எங்க பையன் பாப்பான்" என்றார்கள்.

பையன் காலேஜ் படிப்பவன். அப்பா டெஸ்டரைத் திண்ணையில் வைத்தார், அவன் எடுத்துக்கொண்டு போனான். பிளாஸ்டிக் பிடியை மட்டும் பிடித்துக்கொண்டு வைத்துப் பார்த்திருக்கிறான். "எரியல" என்று குரல் வந்தது. "தலையில வெரல வச்சியா தம்பி?" என்று அப்பா கேட்பதற்குள், "கரண்டே இல்ல, ஒயரு லூசாத் தொங்குது, புடிச்சு இழுக்கறேன்" என்கிறான். அப்பா செருப்போடு உள்ளே ஓடினார். ஹாலைத் தாண்டி, பூஜை அறைக்குள் புகுந்து, அவனைத் தோளால் இடித்துத் தள்ளிவிட்டு மெயினை இறக்கினார். எனக்கு வாசலிலிருந்து தெரிந்தது அப்பாவின் முதுகு மட்டும்தான்.

பிறகு ஒயரை மாட்டினார், டெஸ்டரைத் தானே வைத்துப் பார்த்தார், எரிந்தது. அந்த வீட்டுக் கரண்ட் எங்கப்பா உடம்பு வழியாகப் போய்த்தான் அந்தச் சிவப்பு எரிந்தது. பணத்தைத் திண்ணையில் வைத்தார்கள். நாங்கள் கேட்டைத் தாண்டுவதற்குள் உள்ளே வாளித் தண்ணீர் கொட்டுகிற சத்தம். போர்டுக்குக் கீழேதான் கொட்டியிருப்பார்கள், வேறு எங்கே கொட்டுவார்கள். "ஈரத்துலதான்டி கரண்டு நல்லாப் பாயும், அது தெரியல பாரு" என்று அப்பா சிரித்தார். நான், "தீட்டு எத்தனை வோல்ட்டுப்பா?" என்று கேட்டேன். விளையாட்டாகக் கேட்கவில்லை, எனக்கு நிஜமாகவே தெரியவில்லை. "அது டெஸ்டர்ல எரியாதும்மா" என்றார்.

அதற்கு முன்னால் நடந்தது ஒன்று உண்டு. 1995 செப்டம்பர் 21. பிள்ளையார் பால் குடிக்கிறார் என்று காலையில் தில்லியில் கிளம்பிய செய்தி சாயங்காலத்துக்குள் தாம்பரத்துக்கு வந்துவிட்டது. ஆயா ஒரு டம்ளர் பாலோடு ஊர்க் கோயிலுக்குப் போய், நம்மாட்கள் எதுவரை போகலாமோ அதுவரை போய் நின்றுவிட்டு, பாலோடு திரும்பி வந்தது. "நம்ம கையால குடிக்க மாட்டாராம்" என்று சொல்லிக்கொண்டே உட்கார்ந்தது. அப்பா ஒரு ஸ்பூனை எடுத்தார். ஏப்ரல் 14க்கு வாங்கிய, சாயம் பூசாத பிளாஸ்டர் அம்பேத்கர் சிலை ஒன்று மேசையில் இருந்தது. ஸ்பூன் வழியப் பாலை ஊற்றி அம்பேத்கரின் உதட்டில் ஓரத்தைத் தொடவைத்தார். பால் இறங்கியது. ஆயா எழுந்து நின்று கும்பிட்டுவிட்டது. கண்ணில் தண்ணீர். "எங்கய்யா குடிக்கறாருடா."

அப்பா பிறகு அதே ஸ்பூனைக் குழாய் மூக்கில் வைத்தார். குழாய் குடித்தது. டிரான்சிஸ்டர் குமிழ் குடித்தது. கடைசியில் பாலில் சொட்டு நீலம் கலந்து மறுபடி அம்பேத்கரிடம் வந்தார். நீலக் கோடு உதட்டிலிருந்து மோவாய்க்கு, மோவாயிலிருந்து கோட்டுக்கு, கோட்டிலிருந்து மேசைக்கு. விளிம்புவரை நிரம்பிய பால் ஒரு பொருளைத் தொட்டால் பரப்பு இழுவிசையில் அதன்மேல் ஒட்டி இழுக்கப்படும், பிறகு மெல்லிய படலமாகக் கீழே வழியும், வெள்ளைச் சிலையில் வெள்ளைப் பால் வழிவது கண்ணுக்குத் தெரியாது. காய்ந்த பிளாஸ்டராக இருந்தால் கொஞ்சம் உறிஞ்சவும் செய்யும். மத்திய அறிவியல் தொழில்நுட்பத் துறை விஞ்ஞானிகளும் அப்போது பாலில் வண்ணம் கலந்துதான் இதைக் காட்டினார்கள். அப்பாவுக்கு அது தெரியாது. அவருக்குத் தெரிந்தது சொட்டு நீலம்.

ஆயா அப்பாவைப் போட்டு அடித்தது, பாலை வீணாக்கினதுக்கு. ஆனால் ஒன்று சொன்னது, இன்றைக்கும் என்னால் அதைத் தள்ள முடியவில்லை: "கொழா குடிக்குது, பொம்ம குடிக்குது, அப்ப எங்கையில இருந்து அவரும் குடிச்சிருப்பாரு இல்ல. உள்ள வுடாம இருந்தது யாரு?" பரப்பு இழுவிசையைப் பற்றி அன்றைக்கு நாடு முழுக்கப் பேசினார்கள், ஆயாவின் கேள்வியை யாரும் எழுதியதாக நான் படிக்கவில்லை. அரசியலில் பக்தி கூடாது என்று 1949 நவம்பர் 25 அன்று அரசியல் நிர்ணய சபையில் எச்சரித்தவர் அம்பேத்கர். அவர் மோவாயில் அந்த நீலக் கறை இன்னும் இருக்கிறது, நாங்கள் துடைக்கவில்லை.

அப்பாவைப் பெரிய பகுத்தறிவாளராக நான் காட்டிவிடக் கூடாது. 1996இல் இராஜபாளையத்துப் பக்கத்து ராமர் பிள்ளை மூலிகையில் பெட்ரோல் எடுக்கிறேன் என்று சொன்னபோது முதலில் நம்பியவர் எங்கப்பாதான். "படிக்காத பையன் கண்டுபுடிச்சா இவனுங்களுக்குப் பொறுக்காது" என்று கடைக்கு வந்தவர்களோடெல்லாம் சண்டை போட்டார். படிக்காமல் தொழில் கற்றவனின் ஆசை அது, கேலி செய்ய எனக்கு மனசு வரவில்லை. பெட்ரோலியப் பொருள்களைக் கலந்து மூலிகைப் பெட்ரோல் என்று விற்றதாக சிபிஐ போட்ட வழக்கில் 2016இல் சென்னை நீதிமன்றம் அவருக்கு மூன்றாண்டு சிறைத் தண்டனை கொடுத்தது. பேப்பரைப் படித்துவிட்டு அப்பா மடித்து வைத்தார், ஒன்றும் சொல்லவில்லை.

இன்னொன்றும் உண்டு. 2001இல் நான் பெரிய மனுஷி ஆனேன். அதுவரை பள்ளிவிட்டு வந்தால் கடையில்தான் கிடப்பேன். ரிச்சி தெருவுக்கு அப்பாவோடு போய் ஜெர்மேனியம் டயோடு வாங்கி, பைப்புத் துண்டில் செம்புக் கம்பி சுற்றி, பேட்டரியே இல்லாத ரேடியோ செய்து, காதில் வைத்து சென்னை ‘ஏ’ கேட்டவள். 720 கிலோஹெர்ட்ஸ். பேட்டரி இல்லாமல் எப்படிப் பேசுகிறது என்று தெருப் பிள்ளைகள் பயந்தார்கள். ஒலிபரப்பி அனுப்பும் அலையின் சக்தியே அந்தச் சின்னக் குரலுக்குப் போதும். ஆன்டெனாக் கம்பியை மாமரத்திலும் எர்த்தைக் கைப்பம்பிலும் கட்டியிருந்தேன்.

அப்படிப்பட்ட என்னிடம் அப்பா வந்து தரையைப் பார்த்துக்கொண்டு, "மாசத்துல மூணு நாளு கடைக்கு வேணாம்மா. ஆயா சொல்லுது. சாமி படம் கீது இல்ல" என்றார். கடையில் அம்பேத்கர், புத்தர், அவர்களுக்கு நடுவில் முனீஸ்வரன். யாருக்குத் தீட்டு என்று அவர் சொல்லவில்லை.

நான் சண்டை போடவில்லை. அடுத்த மாதம் மல்டிமீட்டரை வீட்டுக்கு எடுத்து வந்து ஓம் அளவில் வைத்து, இரண்டு முனையையும் இரண்டு கையில் பிடித்து அளந்தேன். முந்தின நாள், மூன்று நாள், மறுநாள். காலை, சாயங்காலம். ஆயாவை அளந்தேன், தம்பியை அளந்தேன், தூங்கிக்கொண்டிருந்த அப்பாவை அளந்தேன். காய்ந்த கையில் எல்லோருக்கும் லட்சக்கணக்கில் ஓம். கை நனைந்தால், வேர்த்தால், சட்டென்று இறங்கிவிடும். என் மூன்று நாளுக்கும் மற்ற நாளுக்கும் பேதமில்லை. கை கழுவினதற்கு மட்டும்தான் பேதம் இருந்தது. நோட்டில் கட்டம் போட்டு எழுதி அப்பாவின் கல்லாவில் வைத்தேன். அடியில், "ஊர்க்காரர் வீட்டில் உங்களைக் கழுவினார்கள், நீங்கள் என்னைக் கழுவுகிறீர்கள்" என்று எழுதினேன். அந்த வயதில் அப்படித்தான் எழுத வரும்.

ஓம் மீட்டர் தீட்டை அளக்கிற கருவியா என்று அறிவாளிகள் கேட்கலாம். இல்லைதான். தீட்டு இருக்கிறது என்று சொல்கிறவர்தான் எதில் அளக்கலாம் என்று சொல்ல வேண்டும், அது என் வேலை இல்லை. அப்பா என்னிடம் எதுவும் பேசவில்லை. ஆயாவிடம் மட்டும், "அளந்தாச்சு, வுடு" என்றாராம். நான் மறுபடி சால்டரிங் பிடித்தேன்.

எம்.ஏ. தமிழ் படிக்கும்போதுதான் லட்சுமி நரசு பெயர் தெரிந்தது. அயோத்திதாசப் பண்டிதர் காலத்தில் சென்னையில் பௌத்த இயக்கத்தில் நின்றவர். 1907இல் அவர் ஆங்கிலத்தில் எழுதிய பௌத்த நூலை 1948இல் அம்பேத்கர் முன்னுரை எழுதி மறுபடி கொண்டுவந்தார். இதெல்லாம் வகுப்பில் சொன்னார்கள். அவர் அறிவியல் வாத்தியார் என்பதைச் சொல்லவில்லை. அதுவும் சென்னைக் கிறிஸ்துவக் கல்லூரியில். அந்தக் கல்லூரி அப்போது நகரத்துக்குள் இருந்தது, 1937இல்தான் எங்கள் தாம்பரத்துக்கு வந்தது. காலையில் சோதனைச் சாலை, மாலையில் பௌத்தக் கூட்டம். பார்த்துச் சோதித்து ஏற்றுக்கொள் என்பது அவருக்கு இரண்டு இடத்திலும் ஒரே பேச்சாக இருந்திருக்கும். நான் போன பகுத்தறிவு மேடைகளில் நெருப்பைத் தின்று காட்டினார்கள், வெறுங்கையில் விபூதி வரவழைத்தார்கள். நன்றாகத்தான் இருந்தது. கூட்டம் முடிந்து டீக்குடிக்கப் போகையில், "நீங்க எந்தப் பக்கம்மா?" என்று தெருவை விசாரித்தவர்களும் அதே மேடைக்காரர்கள்தான்.

கடைசியாக, இதை எழுதவைத்த விஷயம். சில மாதங்களுக்கு முன் எங்கள் தெருவுக்கு ஒரு பையன் மின்சாரம் மிச்சம் பிடிக்கும் பெட்டி விற்க வந்தான். பிளக்கில் செருகினால் பச்சை விளக்கு எரியும், பில் பாதியாகும், எண்ணூறு ரூபாய். தண்ணி மோட்டாரை ஓடவிட்டு, ஒயரில் கிளாம்ப் மீட்டர் மாட்டி, பெட்டியைச் செருகினான். ஆம்பியர் இறங்கியது. எல்லோரும் பார்த்தார்கள். வீட்டுக்கு இரண்டு மாதத்துக்கு முதல் 100 யூனிட் இலவசம் என்று 2016இல் வந்ததிலிருந்து நம் பெண்களுக்கு யூனிட் கணக்கு விரல்நுனியில். ஆறு பேர் வாங்கிவிட்டார்கள்.

அவன் காட்டியது பொய்யில்லை, சொன்னதுதான் பொய். மோட்டார் கொஞ்சம் கரண்டைக் கைமாத்தாக வாங்கி, உடனே லைனுக்குத் திருப்பிக் கொடுத்துக்கொண்டே இருக்கும். பெட்டிக்குள் இருக்கும் கெப்பாசிட்டர் அந்தக் கைமாத்தைப் பக்கத்திலிருந்தே கொடுக்கும். அதனால் லைனில் ஆம்பியர் குறையும். ஆனால் வீட்டு மீட்டர் கைமாத்தை எழுதுவதே இல்லை, செலவானதை மட்டும் எழுதும். ஆலைகளுக்குக் கணக்கு வேறு, அவர்களுக்குக் கெப்பாசிட்டரால் லாபம் உண்டு. மாலைப் பள்ளிப் பிள்ளைகளை மீட்டர் முன்னால் உட்காரவைத்தேன். எங்கள் மீட்டரில் 3200 தடவை மினுக்கினால் ஒரு யூனிட். மோட்டாரைப் போட்டு ஐந்து நிமிடம் எண்ணினார்கள். பெட்டி இல்லாமல் 141. பெட்டியோடு 142. பச்சை விளக்குக்கும் கரண்ட் வேண்டுமே.

பிள்ளைகள் கத்திக்கொண்டு ஓடினார்கள். பெண்கள் அடுத்த வாரம் அவனைப் பிடித்துவிட்டார்கள். என்னைக் கூப்பிட்டார்கள். நான் வாய் திறப்பதற்கு முன்னால் அவனே, "தெரியும்க்கா" என்றான். "பாலிடெக்னிக்ல பவர் ஃபேக்டர் படிச்சேன். பத்து மார்க் கேள்வி." நம் பையன்தான், பெருங்களத்தூர்ப் பக்கம். மூன்று வருஷம் வேலை தேடியிருக்கிறான். அவன் அம்மா சீட்டு எடுத்த பணத்தைக் கட்டித்தான் ஏஜென்சி, முப்பது பெட்டி. வித்தால்தான் காசு. கம்பெனிக்காரன் போனை எடுப்பதில்லை.

அவனைத் திட்ட எனக்கு நிறைய வார்த்தை இருந்தது. தெருவில் ஒருவர் பாக்கியில்லாமல் திட்டியும் விட்டார்கள். ஆறு பேருக்கும் தவணையில் பணம் தருவதாக ஒப்புக்கொண்டான்.

அப்பா ஒரு பெட்டியை வாங்கிப் பிரித்தார். முனைகளை ஸ்குரூ டிரைவரால் ஷார்ட் செய்து மிச்சக் கரண்டை இறக்கிவிட்டு, எழுத்தைக் கண்ணாடி போட்டுப் படித்தார். 5 மைக்ரோ ஃபேரட், 250 வோல்ட். "ரெண்ட சீரிஸ்ல போட்டா ரெண்டரை. வோல்ட்டு ஐநூறு தாங்கும். சீலிங் ஃபேனுக்கு ஆகும்டா" என்றார். பையன் எங்கள் திண்ணையில் உட்கார்ந்தான். நான் சால்டரிங் அயனைச் சூடாக்கினேன். பழையது என்று சொல்லித்தான் விற்கணும் என்று அப்பா இரண்டு தடவை சொன்னார். முப்பதையும் கழற்றினால் பதினைந்து ஃபேனுக்கு வரும். ஒன்று ஐம்பது ரூபாய்க்குப் போனாலும் எழுநூற்றைம்பது.

"ஒரு பொட்டி காசு கூட தேறாதுக்கா" என்றான் அவன், கையை நிறுத்தாமல்.