கைக்கு ஒன்று போதாது



ரொறன்ரோவில் குளிர் இறங்கத் தொடங்கினால் சமூக நிலையங்களின் வகுப்புகள் நிரம்பிவிடும். மண்பாண்டம் வனைதல், மரவேலை, கம்பளிப் பின்னல், நீர்வண்ணம். வேலை முடித்துக் களைத்து வருபவர்களும் ஓய்வுபெற்றவர்களும்தான் கூடுதல். போன வருடம் சட்டி வனைந்தவர் இந்த வருடம் புத்தகம் கட்டுகிறார். அடுத்த முறை நெசவுக்குப் போகப் போவதாகச் சொல்கிறார். ஒன்றிலும் நிலைத்து நிற்கவில்லையே என்று அவரை ஒருவரும் குறை சொல்வதில்லை. நமது யாழ்ப்பாணத்திலும் இப்படிப் பல கைகளைக் கண்டிருக்கிறேன். அங்கே இதற்குக் கட்டணமும் இருக்கவில்லை, வகுப்பறையும் இருக்கவில்லை.

பனையோலையையே எடுத்துக்கொள்ளுங்கள். குருத்தோலையை வெட்டி வெயிலில் காயவைத்து, ஈர்க்கை நீக்கி, வேண்டிய அகலத்துக்கு வார்ந்து, பிறகு ஈரம் காட்டிப் பதமாக்கினால்தான் இழைக்கலாம். காய்ந்தபடி மடித்தால் முறியும். ஈரம் கூடினால், உலர்ந்தபிறகு இழை தளர்ந்து இடைவெளி விடும். இந்தப் பதத்தை விரல்தான் அறியும். பாய் இழைத்துப் பழகியவருக்குப் பெட்டியின் அடி கடினமில்லை, ஆனால் மூலை மடிக்கும் இடத்தில் தடுமாறுவார். பெட்டி கைவந்தவர் பிட்டு அவிக்கும் நீத்துப்பெட்டிக்கு வரும்போது, கூம்பாக ஒடுங்கி இறங்கும் வடிவம் அவரை மறுபடி மாணவராக்கும். கடகத்துக்கு ஓலை மட்டும் போதாது. இரட்டையாக இழைத்து, விளிம்பை நாரால் பொத்த வேண்டும். அந்த நாரை மட்டையிலிருந்து உரிக்கவும் தெரிந்திருக்க வேண்டும். ஒரே மரத்தடியில் இருந்துகொண்டே ஒரு மனுசி தன் ஆயுள் முழுவதும் புதிது புதிதாகக் கற்கலாம். எங்கள் அம்மம்மாமார் அப்படித்தான் கற்றார்கள். விற்பதற்கு இழைத்ததும் உண்டு; பேத்திக்கு விளையாட ஒரு சின்னக் குட்டான் இழைத்ததும் உண்டு. அந்தச் சின்னக் குட்டானில்தான் சாயமோலை வைத்துப் புதுக் கோலங்களை முயன்று பார்த்தார்கள்.

ஆண்களுக்குப் பட்டம். தைப்பொங்கல் நாளில் வல்வெட்டித்துறைக் கடற்கரையில் ஏறும் பட்டங்களை நீங்கள் நேரில் பார்த்திருப்பீர்கள். நான் இங்கே திரையில் பார்க்கிறேன். கொக்கு, பிராந்து, எட்டுமூலை என்று தொடங்கிய வடிவங்கள் இன்று ஆகாயத்தில் அசையும் முப்பரிமாண உருவங்களாகிவிட்டன. ஒரு பட்டத்துக்குள் எத்தனை வேலை! மூங்கிலைச் சீவி எடை சமன் பார்ப்பது தச்சு. கடதாசியை வெட்டி நிறம் பொருத்துவது சித்திரம். பட்டத்தில் நூலைப் பூட்டும் முச்சையைக் கட்டுவது கணக்கு: ஒரு விரற்கடை பிசகினாலும் பட்டம் குத்திக்கொண்டு கீழே வரும். விண் பூட்டுவதோ சங்கீதம். வில்லில் இழுத்துக் கட்டிய நாரைக் காற்று அதிரச் செய்கிறது. நாரின் அகலத்துக்கும் இறுக்கத்துக்கும் ஏற்பக் குரல் மாறும். ஏறிய பட்டத்தின் நூலை இரவு மரத்தில் கட்டிவிட்டால் விடியும்வரை கூவும். வல்வெட்டித்துறை காற்றையும் கயிற்றையும் அறிந்த ஊர். அங்கே கட்டிய அன்னபூரணி என்ற பாய்க்கப்பல் 1938இல் அமெரிக்காவின் குளோஸ்டர் துறைமுகம்வரை ஓடியது. அத்தகைய கைகளின் பேரப்பிள்ளைகள் பட்டத்தில் அதிசயம் காட்டுவது எனக்கு வியப்பாக இல்லை.

ஓவியர் அ. மாற்குவையும் இந்த இடத்தில் நினைக்க வேண்டும். 1933இல் பிறந்தவர். ஒரே ஊடகத்திலும் ஒரே பாணியிலும் தங்கிவிடாமல் தேடிக்கொண்டே இருந்தவர். 1987இல் அவருக்காக வெளிவந்த மலருக்குத் ‘தேடலும் படைப்புலகமும்’ என்று பெயர் வைத்தவர்கள் ஆளைச் சரியாக அறிந்தே வைத்தார்கள். விடுமுறைக் கால ஓவியர் கழகத்தோடு சேர்ந்திருந்து சித்திரம் சொல்லிக்கொடுத்தார். அந்தக் கழகத்தின் பெயரே எனக்குப் பிடிக்கும்: வேறு தொழில் பார்ப்பவரும் விடுமுறையில் தூரிகை எடுக்கலாம் என்ற அழைப்பு அதில் இருக்கிறது. 1995ஆம் ஆண்டின் போர்க்கால இடப்பெயர்வு அவருடைய படைப்புகள் பலவற்றைக் கொண்டுபோய்விட்டது. 2000இல் அவர் மறைந்தார். சனாதனன், வாசுகி போன்ற மாணவர்களிடம் அந்தத் தேடல் தொடர்கிறது.

என் மனவருத்தம் இதுதான். இன்று நமது பிள்ளைக்குக் கைவேலை இரண்டு வழிகளில் மட்டுமே வருகிறது. ஒன்று வாழ்வாதாரம். பனை அபிவிருத்திச் சபை 1978 முதல் இருக்கிறது. அதன் கற்பகம் விற்பனை நிலையங்களில் அழகான பெட்டிகள் கிடைக்கின்றன. பயிற்சி பெறும் பெண்களுக்கு நாலு காசு கிடைப்பது மிக நல்லது. மற்றது சோதனை. பள்ளிக்கூடத்தில் சித்திரம், சங்கீதம், நடனம், நாடகம் ஆகியவற்றில் ஒன்றைத் தெரிவு செய்ய வேண்டும். நடனம் எடுத்த பிள்ளையின் சித்திரக் கொப்பி அதோடு மூடப்படுகிறது. பாடத்திட்டத்துக்கு அப்படி ஒரு கட்டாயம் இருக்கலாம். வீட்டுக்கு ஏன் இருக்க வேண்டும்? பணத்துக்கும் புள்ளிக்கும் வெளியே, ஆசைக்காக மட்டும் ஒன்றைத் தொட்டுப் பார்க்கும் இடம் வீட்டில்தான் இருந்தது. அதை ரியூசன் விழுங்கிவிட்டது. பாதியில் விட்ட வேலையைக் காட்டி “இதையும் முடிக்கேல்லை, அதுக்குள்ள அடுத்ததோ?” என்று அதட்டுகிறோம். ஆனால் முடிக்காத பெட்டியில் பழகிய விரல்தான் பட்டத்தின் முடிச்சை விரைவாகப் போடும்.

மார்கழி விடுமுறை வரப்போகிறது. சில நாட்களுக்காவது ரியூசனை நிறுத்திவிட்டு, பிள்ளையிடம் மூங்கிலும் கத்தியும் கடதாசியும் கொடுங்கள். பக்கத்தில் இருங்கள், ஆனால் கையைப் பிடித்துச் செய்துகொடுக்க வேண்டாம். பட்டம் குத்தினால் முச்சையை அவனே அவிழ்த்துக் கட்டட்டும். தங்கச்சியும் சேர்ந்து விண் பூட்டட்டும். தம்பியும் அம்மம்மாவோடு இருந்து ஓலை வாரட்டும். இது சிறுவர்களுக்கு மட்டும் சொல்வதும் இல்லை. ஐம்பது வயதில் களிமண் எடுத்தாலும் அறுபதில் தூரிகை எடுத்தாலும் உங்களை ஒருவரும் தடுக்கப்போவதில்லை. அம்மம்மாமார் நமது வீடுகளில் இன்னும் இருக்கிறார்கள். இந்த விடுமுறையிலேயே அவர்களிடம் போய்க் கேளுங்கள்.

அன்புடன்,
ரொறன்ரோவிலிருந்து