மிஞ்சிய ஒயின்

மூன்று மாதங்களுக்கு முன் ஒரு சனிக்கிழமை இரவு நண்பர்கள் இருவர் சாப்பிட வந்தார்கள். வெறுங்கையோடு வரக்கூடாதென்று ஒரு போத்தல் சிவப்பு ஒயின் கொண்டுவந்தார்கள். மனைவி தொடுவதில்லை. மற்ற மூவரும் ஆளுக்கு ஒரு கிளாஸ் எடுத்துக்கொண்டோம். சுமார் 300 மில்லிலிட்டர் மிஞ்சியது. மூடியைத் திருகிக் குளிர்பெட்டிக் கதவில் வைத்துவிட்டேன்.

மறுநாள் ஜொகூர் பாருவிலிருந்து அம்மா வந்தார், இரண்டு வாரம் எங்களோடு தங்க. திங்கட்கிழமை காலை நிகழ்ச்சிக்காக நாலரைக்கு எழுந்தால், அம்மா எனக்கு முன்பே சமையலறையில் நிற்கிறார். குளிர்பெட்டி திறந்திருக்கிறது. பால் எடுக்கவில்லை. போத்தலில் ஒயின் எந்த மட்டத்தில் நிற்கிறது என்று பார்க்கிறார்.

அந்தப் பார்வை எனக்குத் தெரியும். சின்ன வயதில், அரிசித் தகரத்துக்குப் பின்னால் அப்பா வைக்கும் போத்தலை அம்மா அப்படித்தான் பார்ப்பார். எவ்வளவு குறைந்திருக்கிறது என்று லேபிள்மீது விரலை வைத்து அளப்பார். நிறையக் குறைந்திருந்தால் என்னையும் அக்காவையும் பள்ளிப் பையோடு பக்கத்து வீட்டுக்கு அனுப்பிவிடுவார். எங்கள் வீட்டில் மது என்றைக்கும் மிஞ்சியதில்லை. அதனால், மிஞ்சியதை என்ன செய்வது என்ற கேள்வியே முப்பது வயதுக்குமேல்தான் எனக்கு வந்தது.

கொட்டிவிடலாம். ஆனால் சிங்கப்பூரில் ஒயினுக்கு, அதிலுள்ள தூய மதுசாரத்தில் ஒரு லிட்டருக்கு 88 வெள்ளி தீர்வை. 13 விழுக்காட்டு ஒயின் 750 மில்லிலிட்டர் போத்தலுக்குத் தீர்வை மட்டுமே எட்டரை வெள்ளிக்குமேல். கொட்ட மனம் வரவில்லை.

ஒயினைக் கெடுப்பது காற்று. பாதி காலியான போத்தலில் பாதி காற்றுதானே! அன்று வேலை முடிந்து வந்ததும் சோடா வந்த சிறிய கண்ணாடிப் போத்தலைக் கழுவி, உலர்த்தி, கழுத்துவரை நிரப்பி மூடி, குளிர்பெட்டியின் உள்பக்கம் நிமிர்த்தி வைத்தேன். உண்மையில் விருந்து முடிந்த அன்றே செய்திருக்க வேண்டும். சிவப்பு ஒயினைக் குளிரில் வைக்கக்கூடாது என்பார்கள். திறக்காத போத்தலுக்கு அது சரி. திறந்ததை நம்மூர் வெக்கையில் மேசைமேல் விட்டால் சீக்கிரம் புளித்துவிடும். குளிரில் மூன்று முதல் ஐந்து நாள் தாங்கும். நுரைக்கும் ஒயின் போத்தலின் வாயில் கரண்டியைச் செருகி வைத்தால் நுரை போகாது என்பது வெறும் கதை.

செவ்வாய்க்கிழமை காலை அம்மாவின் குரல். “ராத்திரியே முடிச்சிட்டியாடா?”

பெரிய போத்தலைக் காணோமல்லவா! சின்னப் போத்தலை எடுத்துக் காட்டினேன். வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை.

புதன்கிழமை ஆட்டிறைச்சி சமைத்தேன். வெங்காயம் சிவந்ததும் ஒரு கிளாஸ் ஒயின் ஊற்றி நன்றாக வற்றவிட்டேன். வற்றாமல் தேங்காய்ப்பால் ஊற்றினால் புளிப்பு தூக்கலாக நிற்கும். ஒரு மணி நேரம் கொதித்தது. “இதுல அது இருக்கா?” என்று அம்மா கேட்டார். “கொதிச்சா எல்லாம் ஆவியாயிடும்மா” என்றேன். இரண்டாம் முறை சோறு வாங்கிச் சாப்பிட்டார்.

வெள்ளிக்கிழமை, சமையல் நம்பிக்கைகள் பற்றிய ஓர் அங்கத்துக்காகப் படித்துக்கொண்டிருந்தபோது அமெரிக்க வேளாண்துறையின் அட்டவணை கண்ணில் பட்டது. குழம்பில் கலந்து 15 நிமிடம் கொதித்தால் 40 விழுக்காடு மதுசாரம் மீதமிருக்கும். அரை மணி நேரத்தில் 35. ஒரு மணி நேரத்தில் 25. இரண்டரை மணி நேரம் கொதித்தாலும் 5 விழுக்காடு.

வாழ்நாளில் ஒரு சொட்டு தொடாதவர் அம்மா. அதில் அவருக்கு ஒரு பெருமையும் உண்டு. கணக்குப் போட்டுப் பார்த்தேன். முழுச் சட்டிக்கும் சுமார் 5 மில்லிலிட்டர் மதுசாரம். அம்மாவின் தட்டில் அதிகம் போனால் இரண்டு. அதையே பெரிய சமாதானமாக வைத்துக்கொண்டு அவரிடம் போய்ச் சொன்னேன்.

“எவ்வளவுன்னு நான் கேக்கலியே. இருக்கா, இல்லையான்னுதானே கேட்டேன்” என்றார். அன்று இரவு அவரே ரசம் வைத்துக்கொண்டார்.

அதன்பிறகு ஒயின் சேர்த்துச் சமைத்தால், யார் வந்தாலும் முதலில் சொல்லிவிடுகிறேன். முஸ்லிம் நண்பர்கள் வரும் நாளில் அந்தப் பேச்சே இல்லை. குடியை விட்டவர் வந்தாலும் அப்படித்தான். அவர்கள் வாய்திறந்து கேட்கமாட்டார்கள். கேட்க வைக்கவும் கூடாது.

சின்னப் போத்தலில் மிஞ்சிய 150 மில்லிலிட்டருக்கு வழி சொன்னவர் மலாக்காவில் பிறந்த என் யூரேசியத் தோழி. கிறிஸ்துமஸ் முடிந்ததும் மிஞ்சிய இறைச்சியைப் போட்டு அவர்கள் செய்யும் டெபால் கறிக்கு வினிகர் வேண்டும். இரண்டு பங்கு ஒயின், ஒரு பங்கு தண்ணீர், வடிகட்டாத, சூடாக்காத வினிகர் ஒரு பங்கு. அகலவாய் ஜாடியில் ஊற்றி, துணியால் மூடி ரப்பர் வளையம் போட்டு, இருட்டான அலமாரியில் வைக்க வேண்டும். இப்போது மட்டும் காற்று தேவை. மேலே வழவழப்பாக ஒரு படலம் கட்டும். அதற்கு ஆங்கிலத்தில் ‘அம்மா’ என்றே பெயர்! அம்மாவிடம் இதைச் சொன்னபோது அவ்வளவாக ரசிக்கவில்லை.

இரண்டு மாதம் ஆயிற்று. போன வாரம் அம்மா மறுபடி வந்தபோது துணியை விலக்கிக் காட்டினேன். முகர்ந்தார். முகத்தைச் சுளித்தார். மறுபடி முகர்ந்தார்.

“உங்கப்பா வாங்கினது ஒரு நாளாவது இப்படிப் புளிக்கிற வரைக்கும் இருந்திருக்கா?” என்றார்.

பிறகு, சின்ன வெங்காயம் இருக்கிறதா என்று கேட்டார். உரித்து, பச்சைமிளகாயைக் கீறிப் போட்டு, உப்பும் சீனியும் சேர்த்து அதில் ஊறவைத்தார். வீட்டு வினிகரின் புளிப்பு எவ்வளவென்று உறுதியில்லை. அதனால் அந்த ஊறுகாயைக் குளிர்பெட்டியில்தான் வைத்திருக்கிறோம், சீக்கிரம் சாப்பிட்டு முடிக்க. கதவில், முன்பு ஒயின் நின்ற அதே இடத்தில்.