தொட்டுக்க என்ன?

'பிரெஞ்சு ரெட் ஒயின் குடித்தேன்' என்று சொன்னால் நம்ம ஆட்கள் இரண்டே கேள்விதான் கேட்பார்கள். ஒன்று, 'கிக் இருந்துச்சா?' இரண்டு, 'மிச்சம் இருக்கா?' 'எதோட சாப்பிட்டே?' என்று ஒரு மகானுபாவன்கூடக் கேட்டதில்லை. தென் பிரான்ஸில் அதுதான் முதல் கேள்வியே!

நார்போன் நகரத்துக்குத் தென்மேற்கே கோர்பியேர் என்று ஒரு மலைப்பிரதேசம். கல், முள், காட்டு ரோஸ்மேரி... இதற்கு நடுவே விடாப்பிடியாகத் திராட்சை. பாண்டிச்சேரியில் பிறந்து அந்தப் பக்கம் செட்டிலாகிவிட்ட நண்பன், தனக்குத் தெரிந்த தோட்டக்காரர் வீட்டுக்கு என்னை அழைத்துப் போனான். அறுபதைத் தாண்டிய பெரியவர். உள்ளங்கை இரண்டும் காய்ப்புக் காய்த்துக் கிடந்தது.

ஒயினை ருசி பார்ப்பது ஒரு சடங்கு, சார். கால் க்ளாஸ் ஊற்றி, வெளிச்சத்தில் நிறம் பார்க்க வேண்டும். சுழற்றி முகர வேண்டும். வாயில் விட்டு, சூடான காபியை உறிஞ்சுகிற மாதிரி காற்றோடு ஒரு 'சுர்ர்'. அப்புறம்... துப்பிவிட வேண்டும்! காசு கொடுத்து வாங்கியதைத் துப்பினால் எந்தக் கணக்கில் எழுதுவது? பி.காமில் யாரும் சொல்லித் தரவில்லை.

நான் துப்பவில்லை. கத்தரிக்காய்த் தோல் நிறம். நாவல்பழமும் மிளகும் கலந்த மாதிரி வாசனை. வாயில் விழுந்ததும் நாக்கு போய் மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. அப்படி ஒரு துவர்ப்பு!

"என்னடா, கடுக்காய்க் கஷாயம் குடிச்ச மாதிரி மூஞ்சி?" என்று நண்பன் சிரித்தான். திராட்சையின் தோலிலும் விதையிலும் இருக்கிற டானின் செய்கிற வேலையாம். எச்சிலில் உள்ள புரதத்தைப் பிடித்துக்கொண்டு வாயை உலர்த்திவிடும்.

பெரியவர் ஒன்றும் பேசாமல் ஒரு மண்சட்டியைக் கொண்டுவந்து வைத்தார். கஸ்ஸூலே. வெள்ளை பீன்ஸ், வாத்துக் கறி, பன்றி ஸாஸேஜ் எல்லாம் மணிக்கணக்கில் வெந்து, மேலே பொன்னிறமாக ஏடு கட்டியிருந்தது. அதில் ஒரு வாய், ஒயின் ஒரு வாய். அதே பாட்டில், அதே க்ளாஸ். துவர்ப்பு எங்கே போச்சு? உப்பும் கொழுப்பும் புரதமும் சேர்ந்து அதை அடக்கிவிட்டன. பதிலுக்கு ஒயின், கொழுப்புப் பிசுக்கைக் கழுவி அடுத்த வாய்க்கு நாக்கைத் தயார் பண்ணுகிறது. டெபிட்டும் கிரெடிட்டும் டாலி ஆகும்போது வருமே ஒரு நிம்மதி, அது!

நண்பன் வம்புக்கென்றே எலுமிச்சை ஊறுகாய் எடுத்து வந்திருந்தான். "இதையும் தொட்டுக்கோ." மிளகாயும் ஆல்கஹாலும் ஒன்றையொன்று ஏற்றிவிட்டு, தொண்டையில் தீபாவளி! காரக்குழம்புக்கு இந்த ஒயின் ஆகாது. காரம் குறைத்த ஆட்டுக்கறி என்றால் பேஷ்.

"இதுல லாபம் எப்படி?" என்று கேட்டது என் பி.காம். புத்தி. பெரியவர் ஸ்பூனைக் கீழே வைத்தார்.

1907-இல் ஒயின் விலை அதலபாதாளத்துக்குப் போய், லட்சக்கணக்கானவர்கள் தெருவில் இறங்கிய வட்டாரம் இது. நார்போனில் ராணுவம் சுட்டு உயிர்கள் போயின. தலைவர் மார்சலன் ஆல்பேர், பாரிஸுக்குப் போய்ப் பிரதமர் க்ளெமான்ஸோவைப் பார்த்தார். ஊர் திரும்ப ரயில் செலவுக்கு 100 ஃப்ராங்க் கொடுத்தார் பிரதமர். இவரும் வெள்ளந்தியாக வாங்கிக்கொண்டார். விஷயம் பத்திரிகைக்காரர்கள் காதுக்குப் போக, 'விலைபோயிட்டான்' என்று ஊரே தூற்றியது. ஒரு டிக்கெட் காசில் ஒரு தலைவர் காலி!

இன்றைய சிக்கல் வேறு. 1960 வாக்கில் பிரான்ஸில் ஆளுக்கு வருஷம் 100 லிட்டருக்கு மேல் ஒயின் குடித்தார்கள். இப்போது அதில் பாதிகூட இல்லை. 2024-இல், 'கொடியைப் பிடுங்கினால் ஹெக்டேருக்கு 4,000 யூரோ' என்று அரசே திட்டம் போட்டது. 2025 ஆகஸ்டில் கோர்பியேரில் பெருந்தீ. சுமார் 16,000 ஹெக்டேரில் பரவியது. பச்சைத் திராட்சைத் தோட்டம் இருந்தால் தீ அங்கே வேகம் குறையும். கொடியைப் பிடுங்கிய இடத்தில் புதர் மண்டினால், அதுவே தீக்கு விருந்து.

நம்ம ஊரில் குடி, குடியைக் கெடுக்கும். அங்கே குடிக்காததும் குடியைக் கெடுக்கிறது!

"நீங்களும் பிடுங்கப் போறீங்களா?" நண்பனை விட்டுக் கேட்கச் சொன்னேன்.

"பாதியை" என்றார் பெரியவர்.

"மிச்சப் பாதி?"

காலி மண்சட்டியைக் கரண்டியால் தட்டிக் காட்டினார். "இதுக்குத் துணை வேண்டாமா?"