முனகாத பரண்

ஓசை எழுப்பக் கற்றுக்கொள்வது எளிது. எழுப்பாதிருக்கக் கற்றுக்கொள்வதே அரிது. ஐயமிருப்பவர்கள் ஒரு வகுப்பாசிரியரைக் கேட்டுப் பார்க்கலாம். அல்லது, அடுக்களையில் மூடி வைத்த முறுக்கு டின்னை நள்ளிரவில் திறக்க முயன்ற அனுபவமுள்ள எந்தச் சிறுவனையும் கேட்கலாம். டின் மூடியின் இயல்பை அவனைப் போல் அறிந்தவர் வேறெவருமிலர்.

நாம் அந்தக் கல்வியைப் பெற்றது ஒரு பலா மரத்தின் மேல்.

பரண் நம்மவர்க்குப் புதிதன்று. கபிலர் பாடிய குறிஞ்சிப்பாட்டில் வரும் தலைவி, மரத்தின் மேல் கட்டிய காவற்பரணிலிருந்து தினைப்புனத்துக் கிளிகளை ஓட்டுகிறாள். இதணம் என்பது அதற்குப் பழம்பெயர். ஆயினும் அவள் செய்தது பகற்காவல். அங்கே ஓசையே கருவி. தட்டையைத் தட்டிக் கூவினால் கிளி பறந்துவிடும். இராக்காவல் வேறு வகை. வருவது பன்றி, கையிலிருப்பது வில். அங்கே ஓசைதான் முதற்பகை.

கண்டியிலிருந்து பேராதனை, கலஹா வழியாக வளைந்து ஏறும் மலைப்பாதையில் இருக்கிறது தெல்தோட்டை. அதற்கு அண்மையிலுள்ள லூல்கந்துரத் தோட்டத்திலேதான் 1867-ஆம் ஆண்டில் ஜேம்ஸ் டெய்லர் என்ற ஸ்கொத்லாந்துக்காரர் 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்டு, இலங்கையின் தேயிலைத் தொழிலுக்கு வித்திட்டார். உலகமெல்லாம் அருந்தும் பானம் அம்மலைகளில் விளைகிறது. ஆனால் தேயிலை, பசியாற்றும் பொருளன்று. 1973, 1974 ஆகிய ஆண்டுகளில் அவ்வுண்மை நம் மக்களுக்கு நன்றாக விளங்கிற்று. அரிசியும் கோதுமை மாவும் கிடைத்தற்கரிய பொருள்களாயின. தோட்டங்களில் பட்டினியால் மாண்டவர்களும் உண்டு. அந்நாளில் லயத்துக்குப் பின்னால் ஓடைக்கரையில் நட்டிருந்த மரவள்ளியே நமது குடும்பத்தின் களஞ்சியம். அதன்மேல் காட்டுப்பன்றிக்கும் கண் விழுந்தது.

நமக்கு அப்போது வயது பதினொன்று. பெரியப்பா மரவள்ளிக் கொல்லையின் ஓரத்துப் பலா மரத்தில் பரண் கட்டத் தீர்மானித்தார். துப்பாக்கி வாங்கவும் அதற்கு உரிமம் பெறவும் நம்மைப் போன்றவர்களுக்கு வழியேது? அவரிடம் இருந்தது ஓர் உண்டைவில். இரட்டை நாணின் நடுவே சிறு பட்டை. அதில் வைத்து எய்யச் சுட்ட களிமண் உருண்டைகள். அது பன்றியைக் கொல்லாது. விலாவிற் பட்டால் அலறிக்கொண்டு ஓடச் செய்யும். நமக்கு வேண்டியதும் அவ்வளவே.

ஆணியும் சுத்தியலும் எடுத்துக்கொண்டு நாம் உற்சாகமாகப் புறப்பட்டோம். பெரியப்பா ஆணிகளைத் திருப்பி வாங்கிக்கொண்டார்.

"ஆணி அடித்த பரண் பேசும், தம்பி. பன்றிக்குக் கண் மந்தம், காதும் மூக்கும் பொல்லாதவை" என்றார்.

அவர் சொன்னதன் காரணம் பிற்காலத்தில்தான் நமக்கு விளங்கியது. மரமும் மரமும் இறுகித் தொட்டுக்கொண்டிருக்கும் இடத்தில் பாரம் மாறும்போது, அவை வழுக்கிச் செல்வதில்லை. ஒட்டி நின்று, சட்டென்று நழுவி, மீண்டும் ஒட்டுகின்றன. அந்தச் சிறு நழுவல்கள் அடுத்தடுத்து நிகழ்வதே 'கிறீச்' என்னும் ஓசை. காய்ந்து சுருங்கிய மரத்தில் ஆணி நெகிழ்ந்தால், அதுவும் அசைந்து முனகும். எனவே பெரியப்பா ஒவ்வொரு கழியும் கிளையைத் தொடும் இடத்தில் பழஞ்சாக்கைக் கிழித்துச் சுற்றி, அதன்மேல் கயிற்றால் இறுக்கிக் கட்டினார். பச்சை மூங்கிலை அவர் தொடவில்லை. காயும்போது அது வெடிக்குமாம். கட்டி முடித்த பின் பரணில் ஏறி, எல்லா மூலைகளிலும் உட்கார்ந்தும் எழுந்தும் பார்த்தார். முனகிய கட்டையெல்லாம் அவிழ்த்து மறுபடியும் கட்டினார். பரண் வாய் மூட மூன்று நாள்கள் ஆயின.

ஏணிக்கு வழி சொன்னவர், பக்கத்துக் கிராமத்தில் கித்துள் மரமேறும் சிங்களப் பெரியவர் ஒருவர். கணுக்களில் சாண் அளவு கிளை விட்டு நறுக்கிய ஒற்றை மூங்கிலே போதும் என்றார் அவர். அதன் அடிக்குச் சாக்கு மெத்தை. மரத்தில் மோதாதபடி மூன்று இடங்களில் கட்டு. கிளையின் நுனியில் மிதித்தால் ஒடியும், ஓசையும் எழும்; கணுவை ஒட்டியே மிதிக்கவேண்டும். ஏறும் வழியில் மரத்தடியில் கிடந்த பலாச் சருகையெல்லாம் நாம் கூட்டி அள்ளினோம். காய்ந்த பலா இலையை மிதித்தால் அப்பளம் நொறுங்கும் ஓசை எழும் என்பதை வாசகர்கள் அறிவார்கள்.

நமது பங்குக்கு நாமும் ஒரு சீர்திருத்தம் செய்தோம். உட்கார மெத்தென்றிருக்கட்டும் என்று பரண் முழுவதும் காய்ந்த மானாப்புல்லைப் பரப்பிவைத்தோம். பெரியப்பா ஏறி அமர்ந்தார். 'சரசர' என்றது. சிரித்துக்கொண்டே அத்தனையையும் கீழே தள்ளிவிட்டு, ஈரச்சாக்கு ஒன்றை விரித்தார். பின்னர் நமது சட்டைப்பையைச் சோதித்து, இரண்டு சில்லறைக் காசுகளையும் ஒரு சாவியையும் பறிமுதல் செய்தார். தமது வெற்றிலைத் தகரப்பெட்டியையும் விட்டுவைக்கவில்லை; வெற்றிலை துணிப்பைக்கு மாறிற்று. வில்லின் நாணில் இரண்டு இடங்களில் கம்பளி நூலைக் குஞ்சம்போல் முடிந்தார். அது நாணின் அதிர்வை விழுங்கிவிடும்.

இன்று அமெரிக்காவில் அம்பு வேட்டையாடுவோர் மரத்தில் மாட்டும் இரும்பு இருக்கைகளுக்கும் ஏறுபடிகளுக்கும் கம்பளித் துணியும் ரப்பர்ப் பட்டையும் சுற்றுகிறார்கள். கொக்கிகளுக்கு நாடா ஒட்டுகிறார்கள். பொருள் வேறு, கலை ஒன்றே. வில்லுக்கு இந்தக் கவலை அதிகம் இருப்பதற்குக் கணக்கும் உண்டு. எளிய மரவில்லின் அம்பு நொடிக்கு 50 மீட்டர் சென்றால், 20 மீட்டரைக் கடக்க 0.4 நொடி ஆகும். நாணின் ஓசையோ நொடிக்கு ஏறத்தாழ 340 மீட்டர் செல்வது, 0.06 நொடியில் விலங்கின் காதை அடைந்துவிடும். அம்பு வருமுன் செய்தி வந்துவிடுகிறது!

நிலாக்காலத்தில் ஓரிரவு, பொழுது சாயுமுன்னரே நாம் ஏறிவிட்டோம். பெரியப்பா நமது இடுப்பில் ஒரு கயிற்றைக் கட்டி மறுமுனையைக் கிளையில் முடிந்தார். தூங்கி விழுந்தால் பன்றிக்கு முன் நாம் அலறுவோம் அல்லவா? காற்று கொல்லைப் பக்கமிருந்து நம்மை நோக்கி வீசிக்கொண்டிருந்தது. ஓடையும் சில்வண்டுகளும் தவிர வேறு ஓசையில்லை.

நடுச்சாமம் கழிந்திருக்கும். மரவள்ளிச் செடிகள் அசைந்தன. கரிய உருவம் ஒன்று குனிந்து மண்ணைக் கிளறியது. நமது நெஞ்சு அடித்த அடி அடிவாரம் வரை கேட்டிருக்கும். பெரியப்பா உருண்டையைப் பட்டையில் வைத்து நாணை இழுத்தார். நாம் மூச்சை அடக்கினோம். அவர் விடவில்லை. நெடுநேரம் பார்த்துக்கொண்டேயிருந்தார். பின்பு, நாணை மெல்ல மெல்லத் தளர்த்தினார்.

உருவம் நிமிர்ந்தது. தலையில் கொங்காணி போட்டிருந்த ஒரு பெண். நமது லயத்தில் வாழ்ந்தவர். மூன்று குழந்தைகளின் தாய். கையால் மண்ணைத் தோண்டி, இரண்டு செடிகளின் கிழங்கை மடியில் கட்டிக்கொண்டார். தோண்டிய குழியை மீண்டும் மூடி, செடியின் தண்டுகளை அதிலேயே ஊன்றிவிட்டு, ஒருமுறை சுற்றிலும் பார்த்தார். மேலேயும் பார்த்தார்.

அப்போது பரண் முனகியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? ஒரே ஒரு கட்டு கிறீச்சிட்டிருந்தால், தாம் பிறர் கண்ணில் பட்டுவிட்டோம் என்று அந்தத் தாய் அறிந்திருப்பார். மறுநாள் பிரட்டுக்களத்தில் எப்படித் தலைநிமிர்ந்து நின்றிருப்பார்? பெரியப்பாவின் கை நமது தோளை அழுத்திக்கொண்டிருந்தது. பரண் முனகவில்லை. அவர் போய்விட்டார்.

விடிந்ததும் பெரியம்மா, "இராத்திரி பன்றி வந்ததா?" என்று கேட்டார்.

"வந்தது. இரண்டு செடி போயிற்று" என்றார் பெரியப்பா. நமது முகத்தை அவர் பார்க்கவேயில்லை. பார்க்கவேண்டிய அவசியமும் இருக்கவில்லை.

இன்று அம்மலைகளில் பரண் கட்டுவாரைக் காண்பது அரிது. பன்றிக்கென்று பலவிடங்களில் கம்பிச் சுருக்கு வைத்துவிடுகிறார்கள். 2020 மே மாதத்தில், நல்லதண்ணிப் பகுதித் தோட்டமொன்றில் அத்தகைய சுருக்கு ஒன்று, காண்பதற்கரிய கருஞ்சிறுத்தை ஒன்றின் கழுத்தில் விழுந்தது. மீட்டெடுத்துச் சிகிச்சை அளித்தும் சில நாள்களில் அது இறந்துபோயிற்று. வேறு சிறுத்தைகளும் மலையகத்தில் இவ்வாறே மடிந்திருக்கின்றன. பயிரைக் காக்கப் பாடுபடும் ஏழையை நாம் குறை கூற வரவில்லை. அந்தப் பசியை நாம் அறிவோம். ஆனால் சுருக்கும் ஓசையில்லாததுதான். பரணின் மௌனத்துக்குள் ஒரு மனிதர் விழித்திருந்தார். வந்தது யார் என்று பார்த்தார். இழுத்த நாணைத் தளர்த்தவும் அவருக்குத் தெரிந்திருந்தது. கம்பியின் மௌனத்துக்குள் ஒருவரும் இல்லை.

பெரியப்பா மறைந்து பல்லாண்டுகள் ஆயின. பிறருடைய தாழ்வு ஏதேனும் நமது கண்ணில் பட்டு, அதைச் சொல்ல நாக்கு துடிக்கும்போதெல்லாம், நமது தோளில் ஒரு கை அழுத்துவது போல் இருக்கிறது.